சிகரட்டுக்கு ஏறும் வரியும் பீடிக்குத் தாவும் கையும்

மாங்குளத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "சிகரட் விலை வருசத்துக்கு ஒருக்காலாவது ஏறுது. ஏன் எண்டால் வரி எண்டினம். உந்த வரிக்காசு எங்கை போகுது? விலை ஏற ஏற ஆக்கள் விடுகினமோ, இல்லாட்டிப் பீடிக்கு மாறுகினமோ? பெடியள் கொண்டு திரியிற வேப் எண்ட மின் சிகரட்டுக்கு ஏன் வரி இல்லை? அமெரிக்காவிலை ஒவ்வொரு மாநிலமும் தன்ரை பாட்டுக்குச் சிகரட் வரி போடுதாம். எங்கடை மாகாண சபைக்கு அப்பிடி அதிகாரம் இருக்கோ?"

தம்பி, நீங்கள் நான்கு கேள்வி கேட்டாலும் எனக்குப் பெரிதாகத் தெரிவது இரண்டாவதுதான். முப்பது வருடம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்தவன் நான். எந்தச் சாமான் விலை ஏறினால் மேசையில் எந்தச் சாமான் கூடுதலாக நகரும் என்று பேரேட்டில் பார்த்துப் பழகிய கண் இது. என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். சிகரட்டுக்கு வரி கூட்டுவது சரியான வேலை. புகையைக் குறைக்க அதைவிட வலுவான கருவி அரசிடம் இல்லை. ஆனால் வன்னியில் அந்த வரி பாதி வேலைதான் செய்கிறது. பீடி அதன் பிடிக்குள் ஒழுங்காக வராததுதான் காரணம்.

முதலில் வரி எப்படி விழுகிறது என்று பார்ப்போம். இலங்கையில் சிகரட் மீது இருக்கும் பெரிய வரி, 1989ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மதுவரி விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் அறவிடும் உற்பத்தி வரி. விலையில் இத்தனை வீதம் என்று அதைக் கணக்கிடுவதில்லை. ஆயிரம் சிகரட்டுக்கு இத்தனை ரூபா என்று வர்த்தமானியில் போடுவார்கள். அந்தத் தொகையும் சிகரட்டின் நீளத்தைப் பொறுத்து மாறும். 60 மில்லிமீற்றருக்குக் குறைந்தது, 60 முதல் 67 வரை, 67 முதல் 72 வரை, 72 முதல் 84 வரை, அதற்கு மேல் என்று ஐந்து படி. கட்டைச் சிகரட்டுக்குக் குறைந்த வரி, நீளச் சிகரட்டுக்குக் கூடிய வரி. அதற்கு மேலே பெறுமதி சேர் வரி ஏறும். 2024 ஜனவரி முதல் அது 18 வீதம். இவை தவிர, கம்பனி தன் இலாபத்துக்குக் கட்டும் வருமான வரி மற்றக் கம்பனிகளைவிடக் கூடியது. முன்பு 40 வீதமாக இருந்ததை 2025 ஏப்ரலில் 45 வீதம் ஆக்கினார்கள்.

உங்கள் மேசையில் ஒருவர் வைக்கும் நூறு ரூபாவில் ஏறக்குறைய எழுபது ரூபா கொழும்புக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தில்தான் புகையிலைத் தோட்டக்காரர், கம்பனி, விநியோக வாகனம், நீங்கள் எல்லோரும். நாடு முழுவதிலும் சேர்த்து அண்மைய ஆண்டுகளில் சிகரட் வரியாக மட்டும் பத்தாயிரம் கோடி ரூபாவுக்கு மேல் திறைசேரிக்கு வந்திருக்கிறது. அரசுக்கு இது சின்னக் காசில்லை.

இவ்வளவு காசை இவ்வளவு லேசாக எடுக்க முடிவது ஏன்? இலங்கையில் சட்டப்படி சிகரட் செய்வது ஒரே கம்பனி. இலங்கைப் புகையிலைக் கம்பனி. பிரிட்டிஷ் அமெரிக்கன் ரொபாக்கோ அதில் 84 வீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கிறது. கொழும்பில் இருக்கும் ஒரு தொழிற்சாலை வாசலில் அதிகாரி நின்றால் போதும், நாட்டின் சட்டபூர்வமான சிகரட் முழுவதையும் எண்ணிவிடலாம். ஓமந்தையை நினைத்துப் பாருங்கள். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, கொழும்பில் ஒருமுறை வரி கட்டிய சாமானுக்கே ஓமந்தையைத் தாண்டியதும் புலிகளின் சாவடியில் இன்னொரு வரி கட்டித்தான் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்தோம். அந்த வரியை ஏன் ஒருவரும் தப்பவில்லை? பாதை ஒன்று, வாசல் ஒன்று. வரி எடுப்பவருக்கு வாசல் ஒன்றாக இருப்பதைப்போல வசதி வேறில்லை. பீடிக்கு வரும்போது இந்த வாசல் கதையை மறக்காதீர்கள்.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. விலை ஏறினால் ஆட்கள் விடுவார்களா?

விடுவார்கள். உலகம் முழுவதும் பார்த்த கணக்கு இது: நம்மைப்போன்ற நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில் சிகரட் விலை 10 வீதம் ஏறினால் பாவனை ஏறக்குறைய 5 வீதம் குறையும். பணக்கார நாடுகளில் 4 வீதமளவில். காசு குறைந்தவரும் இளம் பிள்ளைகளும்தான் முதலில் கையை இழுப்பார்கள். நாற்பது வருடம் பற்றிய ஒருவர் ஐந்து ரூபாவுக்காக விடமாட்டார்தான். ஆனால் பதினெட்டு வயதுப் பெடியன் தொடங்காமலே விட்டுவிடுவான். வரியின் பெரிய நன்மை அங்கேதான். நேற்று வரை பற்றாதவர் இன்றும் பற்றாமல் இருப்பதைக் கடையில் நிற்கும் நீங்கள் காணமாட்டீர்கள்.

நம் நாட்டிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 2016 கடைசியில் உற்பத்தி வரியும் பெறுமதி சேர் வரியும் ஒன்றாக விழுந்தன. 35 ரூபாவுக்கு விற்ற கோல்ட் லீவ் சிகரட் ஒன்று 50 ரூபா ஆனது. அடுத்த வருடம் கம்பனி விற்ற சிகரட்டின் எண்ணிக்கை இறங்கியது, அரசின் வருமானம் கவிழ்ந்துபோகவில்லை. இப்படி ஒரு பாய்ச்சலாக ஏற்றினால் மனிதர் நின்று யோசிப்பார். வருடத்துக்கு ஐந்து ரூபா என்று சிறுகச் சிறுக ஏற்றினால் யோசிக்கமாட்டார், பழகிவிடுவார்.

இதற்கு மறுபக்கமும் நடந்தது. 2022ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் 70 வீதத்துக்குக் கிட்ட ஏறியிருந்தது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. அந்த வேளை சிகரட் விலையும் ஏறியதுதான், ஆனால் அரிசி ஏறியதுபோல ஏறவில்லை. ஒரு கிலோ அரிசிக் காசுக்கு எத்தனை சிகரட் வரும் என்று பார்த்தால், 2022இல் சிகரட் மலிந்த சாமான்! ஒரு குடும்பம் மீனை விட்டது, பால்மாவை விட்டது, சிகரட்டை விடவில்லை என்றால் அதற்கு ஆசை மட்டும் காரணமில்லை. ரூபாவில் நிற்கும் வரியைப் பணவீக்கம் கரையான்போல அரிக்கும். அதனால்தான் வருடா வருடம் பணவீக்கத்தோடும் வருமான வளர்ச்சியோடும் தானாக ஏறும் சூத்திரம் வேண்டும் என்று கொழும்பில் ஆய்வுக்காரர் கனகாலமாகச் சொல்லி வந்தார்கள். வரவு செலவுத் திட்டத்தன்று அமைச்சருக்கு வரும் மனநிலையைப் பார்த்து விலை போகக்கூடாது. சர்வதேச நாணய நிதியத்தோடு 2023இல் ஒப்பந்தமான பிறகுதான் அந்தத் திசையில் கொஞ்சம் அசைந்தது.

நீளப்படி ஐந்து படி வைத்திருப்பதும் பிழைதான். வரி ஏறும்போது நீளச் சிகரட்காரர் விடாமல் கட்டைச் சிகரட்டுக்கு இறங்குவார். கம்பனியும் அதற்கேற்ற அளவில் ஒன்றைச் செய்து கடைக்கு அனுப்பும். பிலிப்பைன்ஸ் 2012இல் ஒரு சட்டம் கொண்டு வந்தது. அங்கேயும் மலிந்ததுக்கு ஒரு வரி, விலைகூடியதுக்கு ஒரு வரி என்று இருந்தது. ஐந்தாண்டில் படிப்படியாக ஏற்றி, 2017இல் எல்லாச் சிகரட்டுக்கும் பக்கற்றுக்கு 30 பேசோ என்று ஒரே வரியாக்கினார்கள். இறங்கிப் போக ஒரு படி இல்லாமல் செய்தார்கள்.

ஆனால் தம்பி, நம்மிடத்தில் கடைசிப் படி கட்டைச் சிகரட் இல்லை. அதற்கும் கீழே ஒன்று இருக்கிறது.

பின்னேரம் ஆறு மணிக்கு உங்கள் கடை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் மைத்துனர் கடையும் அப்படித்தான். மேசை மூலையில் உடைத்த பக்கற் ஒன்று, நூலில் கட்டித் தொங்கும் லைட்டர். வயல் வேலை முடித்தவர் வருவார். முன்பு கையை நீட்டினால் கேட்காமலே சிகரட் ஒன்று வரும். கடைசி விலையேற்றத்துக்குப் பிறகு ஒரு நாள் நான் அங்கே நின்றபோது, அவர் காசை எண்ணிப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், "பீடிக் கட்டு ஒண்டு தாருங்கோ" என்றார். மைத்துனர் கடதாசி சுற்றி நூல் கட்டிய கட்டை எடுத்துக் கொடுத்தார். அவர் பிரித்து ஒன்றை எடுத்து, இரண்டு விரலால் உருட்டி, பற்றவைத்து, கன்னம் குழிவிழ இழுத்தார். மூன்று இழுப்பில் அணைந்தது. திரும்பப் பற்றவைத்தார். இப்படியே ஒரு பீடிக்குள் மூன்று தரம் லைட்டர் போனது. ஒரு சிகரட் காசுக்கு அவர் கையில் இப்போது அன்றைக்கும் அடுத்த நாளுக்கும் போதுமான புகை. வரி அவரை நிறுத்தவில்லை. இடம் மாற்றிவிட்டது.

அந்தக் கன்னம் குழியும் இழுப்பில் ஒரு வைத்தியக் கதை இருக்கிறது. பீடியின் இலைக்குள்ளால் காற்று நன்றாகப் போகாது. அணையாமல் வைத்திருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் தூள் கொஞ்சம்தான், ஆனாலும் தாரும் காபன் மொனொக்சைட்டும் சிகரட்டுக்குக் குறையாமல் உள்ளே போகிறது. பீடி மென்மையானது, "இயற்கை இலை" என்று சொல்லும் கிழவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். நெஞ்சும் மூச்சும் அதை ஏற்றுக்கொள்வதில்லை.

பீடிக்கு வரியே இல்லையா என்றால், இருக்கிறது. அது விழும் இடம்தான் வேறு. பீடி சுற்றும் இலை வெளியிலிருந்து வருவது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து இந்தியாவில் பறித்து வருவது. அந்த இலை துறைமுகத்தில் இறங்கும்போது கிலோக் கணக்கில் இறக்குமதி வரியும் செஸ் என்ற மேலதிக வரியும் எடுக்கிறார்கள். பிற்காலத்தில் ஒரு பீடிக்குச் சில ரூபா என்ற அளவில் புகையிலை வரிச் சட்டத்தின் கீழும் ஒரு வரி வந்தது. இப்போது வாசல் கதைக்குத் திரும்புவோம். சிகரட்டுக்கு வாசல் ஒன்று. பீடியைச் சுற்றுவது வீடுகள், விறாந்தைகள், சிறு பட்டறைகள். யார் எத்தனை சுற்றினார் என்று எந்த அதிகாரி எண்ணுவார்? அவர்கள் எழுதிக் கொடுத்த எண்ணிக்கைதான் எண்ணிக்கை.

இலைக்கு வைத்த வாசலோ முழுக் கடற்கரை. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீற்றர் அளவு. மீன்பிடிப் படகுக்கு அது ஒரு தூரமே இல்லை. மன்னார்க் கரையிலும் கற்பிட்டி, புத்தளம் பக்கமும் கடற்படை பீடி இலை மூட்டை பிடித்தது என்ற செய்தி வராத மாதம் குறைவு. உரப்பையில் கட்டி, தண்ணீர் போகாமல் பொலித்தீன் சுற்றி, சிலவேளை கரையில் ஒதுங்கிக் கிடக்கும். துறைமுகத்தில் வரி ஏற ஏற, கடலில் வரும் மூட்டைக்கு இலாபம் ஏறுகிறது. அந்த இலாபத்துக்காக இரவில் படகு ஓட்டுவது பெரும்பாலும் கடன்பட்ட ஒரு கடற்றொழிலாளியின் மகன். பிடிபட்டால் படகும் போகும், பெடியனும் போவான். மூட்டைக்காரர் வேறு ஆளைத் தேடுவார்.

"அப்படியென்றால் வரியைக் குறைத்துவிட வேண்டியதுதானே, கடத்தலும் நின்றுவிடும்" என்று உங்கள் கடைக்கு வரும் யாராவது சொல்லியிருப்பார். கம்பனிகளும் எல்லா நாட்டிலும் இதையே சொல்கின்றன. நம் உறவுகள் நிறையப்பேர் இருக்கும் கனடாவில் இதைச் செய்து பார்த்தார்கள். 1994இல் கடத்தல் கூடிவிட்டது என்று மத்திய அரசும் சில மாகாணங்களும் சிகரட் வரியை நன்றாகக் குறைத்தன. விலை இறங்கியது; இளம் பிள்ளைகள் பற்றுவது கூடியது. பிறகு வெளியே வந்த கதைதான் பெரியது. 2008இல் இம்பீரியல் ரொபாக்கோ கனடாவும் ரொத்மன்ஸ், பென்சன் அன்ட் ஹெட்ஜஸ் கம்பனியும் அந்தக் கடத்தல் காலத்துக் குற்றச்சாட்டுகளை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டன. தண்டமும் இழப்பீடுமாக நூறு கோடி டொலருக்கு மேல் கட்ட உடன்பட்டன. வரிக்குப் பயந்து சாமான் கடத்தப்படுகிறது என்று சொன்னவர்களின் சாமானே எல்லைக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. கடத்தலைக் காட்டி வரியைக் குறைக்கச் சொல்பவரின் பேச்சை அன்றிலிருந்து நான் இரண்டு தரம் யோசித்துத்தான் கேட்பேன். கடத்தலுக்கு மருந்து காவல். வரியைக் குறைத்தால் அந்த நோய் ஆறாது.

உங்கள் கடைக்கும் கள்ளச் சிகரட் கொண்டு வருவார்கள், கவனம். அதை அறிவது கஷ்டமில்லை. 2015 நடுப்பகுதியிலிருந்து நம் நாட்டுப் பக்கற்றில் 80 வீத இடத்துக்குப் படத்தோடு எச்சரிக்கை இருக்க வேண்டும்: புண்பட்ட வாய், கறுத்த நுரையீரல், சிங்களம் தமிழ் ஆங்கிலத்தில் எழுத்து. இருபது பக்கற் மலிவாகத் தருகிறேன் என்று ஒருவர் எடுத்து வைக்கும் பெட்டி பளபளவென்று, படமும் இல்லாமல் தமிழ் எழுத்தும் இல்லாமல் இருந்தால் அதைக் கையால் தொடாதீர்கள். பிடிபட்டால் கொண்டுவந்தவர் நிற்கமாட்டார், கடைப் பெயர்ப் பலகையில் உள்ள உங்கள் பெயர்தான் வழக்குத் தாளில் வரும்.

போயிலையைப் பற்றியும் சொல்லாவிட்டால் நம் பக்கத்துக் கதை முடியாது. சுருட்டுக் கொட்டிலில் ஒருவர் உரக்கப் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றிய காலத்தை என் தகப்பனார் சொல்லுவார். யாழ்ப்பாணப் போயிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பல் கப்பலாகப் போனது. அந்தச் சந்தையை உடைத்ததும் வரிதான். திருவிதாங்கூர் பக்கம் இறக்குமதித் தீர்வையை ஏற்ற, தமிழ்நாட்டுப் போயிலை உள்ளே வர, 1930களில் இங்கே தோட்டக்காரர் நொந்துபோனார்கள். அந்த நெருக்கடியில்தான் மலையாளத்துக்குப் போயிலை விற்கக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். கூட்டுறவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதியவர் ஒருவர் எனக்குச் சொன்ன முதல் கதை அது. எங்கேயோ இருக்கும் ஓர் அரசு தீர்வை மாற்றினால் இங்கே ஒரு கிணற்றடித் தோட்டம் தரிசாகும் என்பதை அன்றைக்கே விளங்கிக்கொண்டேன். அதனால் வரி கூட்டு என்று சொல்லும்போது, போயிலை வைக்கும் குடும்பத்துக்கு வேறு பயிர் என்ன, அதற்குச் சந்தை எங்கே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. இலங்கை 2003இலேயே ஏற்றுக்கொண்ட உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சாசனத்தில் 6ஆம் உறுப்புரை விலையையும் வரியையும் சொல்கிறது, 17ஆம் உறுப்புரை தோட்டக்காரருக்கு மாற்று வழி காட்டச் சொல்கிறது. முதலாவதில் காட்டிய வேகத்தை இரண்டாவதில் ஒரு அரசும் காட்டவில்லை.

வெற்றிலையோடு போடும் போயிலைக்குச் சிகரட்டுக்கு உள்ளதுபோல எண்ணி எடுக்கும் உற்பத்தி வரி கிடையாது. ஆனால் அதன் விலையை நம் சனம் வேறு இடத்தில் கட்டுகிறது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோயில் முன்னால் நிற்பது வாய்ப் புற்றுநோய். போயிலையும் பாக்கும் அதற்குப் பெரிய காரணம். முல்லைத்தீவுக் கரையிலிருந்து தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு விடியற்காலை பஸ் ஏறிப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். என் சொந்தத்தில் பெரியம்மா ஒருவர் போனார். மடியில் வெற்றிலைப் பை வைத்திருந்த கை, கடைசி வருடத்தில் அதே மடியில் மருந்துக் கொப்பி வைத்திருந்தது.

வேப் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். இலங்கையில் அதற்கு வரி இல்லாததற்குக் காரணம் அது தடை செய்த சாமான். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் 2016 செப்டெம்பரில் வந்த ஒழுங்குவிதியில் புகையிலை சேர்ந்த மின் சிகரட், வாசனை சேர்த்த சிகரட், மென்று துப்பும் புகையிலைக் கலவைகள் எல்லாவற்றையும் தடுத்தார்கள். மாவா, பாபுல் பிடிபட்டது என்று பத்திரிகையில் வருவதெல்லாம் அந்தத் தடையில்தான். இந்தியாவும் 2019இல் மின் சிகரட்டைத் தடுத்துவிட்டது. ஆகவே கிளிநொச்சிப் பெடியன் கையில் மாம்பழ வாசத்தோடு இருக்கும் அந்தக் குழாய் யாரோ பயணப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது, அல்லது இணையத்தில் இரகசியமாக விற்றது. அதற்கு வரி போடு என்றால் முதலில் அதை அனுமதி என்று பொருள். அது வேண்டாம் என்பதே என் எண்ணம். இன்னும் பழகாத பிள்ளைகளுக்குப் புதிதாக ஒன்றைப் பழக்கி, பிறகு அதில் வரி எடுக்கத் தேவையில்லை.

வேப்பை அனுமதித்த இடங்களில் வரி போடுவது எவ்வளவு சிக்கல் என்பதற்கு நீங்கள் கேட்ட அமெரிக்காவே சாட்சி. மத்திய அரசு சிகரட்டுக்குப் பக்கற்றுக்கு 1.01 டொலர் எடுக்கிறது, 2009இலிருந்து அதே தொகை. வேப்புக்கு மத்திய வரி இல்லை. மிச்சம் மாநிலங்களின் பாடு. மினசோட்டா மொத்த விலையில் 95 வீதம் எடுக்கிறது. வேறு சில மாநிலங்கள் திரவத்தை மில்லிலீற்றரில் அளந்து எடுக்கின்றன. அளந்து எடுத்தால், கொஞ்சத் திரவத்துக்குள் கூடிய நிக்கொட்டின் அடைத்த சாமானுக்கு வரி குறைகிறது. நம் நாட்டில் சிகரட்டை மில்லிமீற்றரில் அளப்பதால் வரும் அதே கோளாறு.

மாநிலங்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசமும் நம் மன்னார்க் கடலை நினைவூட்டுகிறது. நியூயோர்க் மாநிலத்தில் பக்கற்றுக்கு 5.35 டொலர். மிசூரியில் 17 சதம், டொலர் இல்லை, சதம்! காரில் பெட்டியடுக்கி ஓட்டினால் இலாபம் வரும் வித்தியாசம். வரி அதிகாரம் பிரிந்திருந்தால் ஒவ்வொரு எல்லையும் ஒரு கடற்கரை ஆகிவிடும்.

ஆகவே, வடக்கு மாகாண சபைக்கு அந்த அதிகாரம் உண்டா? இல்லை. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையில் மாகாணங்கள் எடுக்கக்கூடிய வரிகள் வரிசையாக இருக்கின்றன: மொத்த, சில்லறை விற்பனைப் புரள்வு வரி, சாராயம், கள்ளு உரிமங்களுக்கான கட்டணம், வாகன அனுமதிக் கட்டணம், முத்திரைத் தீர்வை என்று. சிகரட் உற்பத்தி வரி அதில் இல்லை, அது கொழும்பின் வரி. இருந்த புரள்வு வரியையும் 2011இல் மாகாணங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நம் மாகாணத்தில் 2013இல் தெரிவான சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆளுநர் நிர்வாகம்தான். மாங்குளத்தில் விற்ற சிகரட்டின் வரி திறைசேரியின் திரட்டு நிதிக்குள் போய் மற்றக் காசோடு கலந்துவிடும். அங்கிருந்து இத்தனை ரூபா மாங்குளம் வைத்தியசாலைக்கு என்று குறித்து ஒரு சதமும் திரும்பி வருவதில்லை.

வரி போடும் அதிகாரம் மாகாணத்துக்கு வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். வவுனியாவுக்கும் மதவாச்சிக்கும் நடுவே இன்னொரு மிசூரி எல்லை நமக்கு வேண்டாம். ஆனால் திரும்பி வரும் பங்கைக் கேட்க வேண்டும். தாய்லாந்தில் 2001இலிருந்து மது, புகையிலை வரிக்கு மேலே இரண்டு வீதம் சேர்த்து அறவிட்டு, அதை நேரே சுகாதார மேம்பாட்டு நிதிக்குக் கொடுக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் சட்டத்தில் கூடுதலாக வந்த வருமானத்தில் 15 வீதம் புகையிலை விளையும் மாகாணங்களுக்கு, மிச்சத்தில் பெரும் பங்கு ஏழைகளின் மருத்துவக் காப்புறுதிக்கு. கலிபோர்னியாவில் 2016இல் மக்கள் வாக்களித்துப் பக்கற்றுக்கு 2 டொலர் கூட்டினார்கள். அதன் பெரும்பகுதி ஏழைகளின் வைத்தியத்துக்கு என்று சட்டத்திலேயே எழுதினார்கள். கட்டுகிற காசு எங்கே போகிறது என்று கண்ணால் காணும் சனம் அந்த வரியைத் திட்டாது. அதே சட்டமூலத்தில் பீடிக்கும் சிகரட்டுக்கும் இருக்கும் விலை இடைவெளியை வருடா வருடம் குறைப்பதை எழுத வேண்டும். இலையைக் கிலோவில் நிறுப்பதை விட்டு, பீடிக் கட்டிலேயே முத்திரை ஒட்டி எண்ண வேண்டும். முத்திரை இல்லாத கட்டு எந்தக் கடையிலும் இருக்கக்கூடாது என்றால், எண்ண முடியாத நூறு விறாந்தைகளுக்குப் பதிலாக எண்ணக்கூடிய கடை மேசை வாசலாகும்.

நீங்கள் 21 வயதுக்குக் கீழே யாருக்கும் கொடுப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். சட்டமும் அதுதான். அப்பாவுக்கு என்று சொல்லி வரும் பிள்ளையையும் திருப்பி அனுப்புங்கள்.

ஒரு உதவி வேண்டும். உங்கள் கடைக் கொப்பியில் சிகரட்டுக்கு ஒரு நிரை, பீடிக் கட்டுக்கு ஒரு நிரை போடுங்கள். நாளுக்கு எத்தனை போனது என்று இரவு கடை பூட்டும்போது எழுதினால் போதும், பெயர் ஒன்றும் வேண்டாம். அடுத்த விலையேற்றத்துக்கு முந்திய இரண்டு மாதமும் பிந்திய இரண்டு மாதமும் எனக்கு வேண்டும். மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் தெரிந்த இரண்டு கடைக்காரரிடமும் இதையே கேட்டிருக்கிறேன்.